மூடுபனியும் விமானம் இறங்கும் எல்லையும்

நல்லதண்ணியில் பிறந்து வளர்ந்தவர்க்கு மூடுபனியின் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்து பறிப்போர் அடுத்த நிரையில் நிற்பவரை முகத்தால் அன்றிக் குரலால் அறிய நேரும் பிற்பகல்கள் இங்கு பல. மஸ்கெலியாவிலிருந்து வரும் பேருந்து, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாக விளக்குகளை ஏற்றிக்கொண்டு நடைவேகத்தில் ஊர்ந்து வருவதும் எமக்குப் பழக்கமான காட்சியே. வழி அறவே தெரியாதொழியின் சாரதி வண்டியை ஓரமாக நிறுத்திவிடுவார்; பயணிகளும் முணுமுணுத்தபடி காத்திருப்பர். பேருந்துக்குள்ள இந்த வசதி ஆகாய விமானத்துக்கு இல்லை. அது நிற்க இயலாது, நின்றால் விழும். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தோடு அது எங்கேனும் சென்றேயாகவேண்டும். ஆகவே, கண் தெரியாத நிலையில் எதுவரை இறங்கலாம், எவ்விடத்தில் இறக்கத்தைக் கைவிட்டு மேலெழ வேண்டும் என்பதை விமானி புறப்படுமுன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு முன்கூட்டியே வகுக்கப்பட்ட எல்லைகளையே வானிலை இழிவெல்லைகள் என்கிறோம்.

விழா மலருக்கு விஞ்ஞானப் பொருளொன்று பற்றி எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது இப்பொருளை நாம் தெரிந்தெடுத்தமைக்கு இரு காரணங்கள் உள. எமது பழைய மாணவரிற் பலர் இன்று மத்திய கிழக்கிலும் மேலைநாடுகளிலும் வாழ்கின்றனர். விமானம் குறித்த இடத்தில் இறங்காது வேறிடம் செல்லும்போது சினம் கொள்வோர் அவருள்ளும் இருப்பர். இஃது ஒன்று. மற்றையது, இவ்வெல்லை மீறப்பட்டால் யாது நிகழும் என்பதற்கு உலகறிந்த சான்றொன்று எமது மலைகளிலேயே இருப்பது.

முதலில் இழிவு என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கணித வகுப்பில் இச்சொல்லைப் பயின்ற மாணவர்க்கு ஐயமிராது. ஏனையோர் இதனைத் தாழ்வு எனப் பொருள்கொள்ள வேண்டா. ஆகக் குறைந்த அளவு என்பதே இங்கு கருத்து. விமானத்தை இறக்குவதில் இத்தகைய அளவுகள் இரண்டு: ஒன்று உயரம், மற்றது பார்வைத்தூரம்.

பெரிய விமான நிலையங்களில், ஓடுபாதையின் அருகிலிருந்து இரு வானொலிக் கற்றைகள் அனுப்பப்படுகின்றன. ஒன்று விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு இடப்புறமா வலப்புறமா என்பதைக் காட்டும். மற்றது இறங்கும் சரிவுக்கு மேலா கீழா என்பதைக் காட்டும். சரிவின் கோணம் வழக்கமாக 3 பாகை. ஒரு கடல்மைல் முன்னேறும் விமானம் ஏறத்தாழ 320 அடி இறங்கும். இவ்விரு கற்றைகளையும் முட்களில் பார்த்தவாறே விமானி முகிலினூடே இறங்கிவருவார். எனினும் கருவி அவரை நிலம்வரை கொண்டுசெல்வதன்று. நிலத்துக்கு அண்மையில் கற்றைகளின் துல்லியம் போதாமற் போகலாம், விமானியின் கைத்திறனுக்கும் ஓர் அளவு உண்டு. ஆதலால் ஓர் உயரம் குறிக்கப்படுகிறது. அதற்குத் தீர்மான உயரம் என்று பெயர். முதலாம் வகை இறக்கத்தில் அது நிலத்திலிருந்து 200 அடிக்குக் குறையாது. அவ்வுயரத்தில் ஓடுபாதையையோ அதன் முன்னுள்ள வழிகாட்டு விளக்குகளையோ கண்ணாற் கண்டாலன்றி மேலும் இறங்கலாகாது. காணாவிடின் அக்கணமே இயந்திரங்களை முடுக்கி மேலெழ வேண்டும்.

இருநூறு அடி என்பது எவ்வளவு? மேல்வகுப்பு மாணவர் ஒரு தாளை எடுத்துக் கணித்துப் பார்க்கலாம். 3 பாகைச் சரிவில் 200 அடி உயரத்தில் உள்ள விமானம், நிலத்தைத் தொடவேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 1160 மீற்றர் தூரத்தில் இருக்கும். மணிக்கு 140 கடல்மைல் வேகத்தில் அது செக்கனுக்குப் பன்னிரண்டு அடிக்குச் சற்று மேலாக இறங்கும். எஞ்சியுள்ள காலம் 16 செக்கன் மட்டுமே. தொடும் இடமோ ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து 300 மீற்றர் உள்ளே இருப்பது வழக்கம். எனவே ஓடுபாதையின் தொடக்கம் அந்நேரத்தில் 860 மீற்றர் தொலைவில் இருக்கும். முதலாம் வகைக்கு அனுமதிக்கப்படும் ஆகக் குறைந்த பார்வைத்தூரம் 550 மீற்றர். இங்கே ஒரு முரண் தோன்றுகிறதன்றோ? 860 மீற்றருக்கு அப்பால் உள்ளதனை 550 மீற்றர் பார்வையால் எவ்வாறு காண்பது? காண்பதில்லை. அவ்வேளை விமானி காண்பது ஓடுபாதையை அன்று; அதற்கு முன்னே ஏறத்தாழ 900 மீற்றர் நீளத்துக்கு நிரை நிரையாக நடப்பட்டிருக்கும் விளக்குகளையே. அவ்விளக்கு நிரைகளிற் சிலவற்றைக் கண்டு, விமானம் நேராக வருகிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதை ஓரிரு செக்கனில் உணர்ந்து, இறங்குவதா எழுவதா என முடிவு செய்கிறார். விமான நிலைய வேலிக்கு வெளியே வயலிலும் கடனீரேரியிலும் நடப்பட்டிருக்கும் அக்கம்பங்களை அலங்காரம் எனக் கருதுவோர் உளர். இழிவெல்லையின் கணக்கில் அவையும் அடங்கும் என்பதை அவர் அறியார்.

பார்வைத்தூரம் அளக்கப்படும் முறையும் அறியத்தக்கது. முற்காலத்தில் ஓடுபாதையின் அருகே ஓர் ஆளை நிறுத்தி, எத்தனை ஓர விளக்குகள் தெரிகின்றன என எண்ணச் செய்தனர். விளக்குகளின் இடைவெளி தெரிந்தமையால் தூரமும் தெரிந்தது. பின்னர், ஒரு கம்பத்திலிருந்து மற்றொரு கம்பத்துக்கு ஒளிக்கற்றையைச் செலுத்தி, வழியில் எவ்வளவு ஒளி இழக்கப்பட்டது என அளக்கும் கருவி வந்தது. அளக்கப்பட்ட தூரம் எல்லைக்குக் குறைவாயின், நிலையத்துக்கு மேல் 1000 அடிக்குக் கீழே இறக்கத்தைத் தொடரலாகாது என்பது இன்றைய பொது விதி. அதாவது, போய்த்தான் பார்ப்போமே என்னும் ஆசைக்கே அங்கு இடமில்லை.

இரண்டாம் வகையில் தீர்மான உயரம் 100 அடிவரையும் பார்வைத்தூரம் 300 மீற்றர்வரையும் குறையலாம். மூன்றாம் வகையில் விமானம் தானே இயங்கி நிலத்தைத் தொடும். சில நிலையங்களில் 50 மீற்றர் பார்வையிலும் இறங்கலாம். தில்லியில் மார்கழி, தை மாதங்களில் இதுவே நடைமுறை. இவ்வித்தைக்கு நெடிய வரலாறு உண்டு. 1929 செப்டெம்பர் 24 ஆம் திகதி ஜேம்ஸ் டூலிற்றில் என்னும் அமெரிக்கர், வெளியே எதுவும் தெரியாதவாறு இருக்கையை மூடிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்து மேலெழுந்து சுற்றிவந்து இறங்கினார். 1965 ஜூன் 10 ஆம் திகதி பரிஸிலிருந்து இலண்டன் சென்ற டிரைடன்ற் விமானமொன்று பயணிகளோடு தானியங்கியாக நிலத்தைத் தொட்டது. இலண்டன் மாநகரின் புகைப்பனியே ஆங்கிலேயரை இத்துறையில் முந்தச் செய்தது எனலாம். ஆயின் இவ்வசதிக்கு ஓடுபாதையிலும் விமானத்திலும் சிறப்புக் கருவிகள் வேண்டும். விமானிக்கும் சிறப்புப் பயிற்சி வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எல்லை மேலே ஏறிவிடும். ஆண்டிற் சில விடியற்காலைகளுக்காக அத்துணைப் பொருளைச் செலவிடல் தகுமா என்பதை ஒவ்வொரு நாடும் எண்ணிப் பார்க்கவேண்டும். மிகப் பல நிலையங்கள் முதலாம் வகையோடு அமைவது இதனாலேயே.

உயரமானியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது உண்மையில் அளப்பது உயரத்தையன்று. வளியமுக்கத்தை அளந்து அடிகளாக மாற்றிக் காட்டுகிறது. கடல்மட்டத்தை அண்டி அமுக்கம் ஒரு மில்லிபார் மாறினால் உயரம் ஏறத்தாழ 27 அடி மாறும். அமுக்கத்தைச் சொல்வோரோ கேட்போரோ பத்து மில்லிபார் பிழைவிட்டால் கணக்கு 270 அடி தவறும். தீர்மான உயரமோ 200 அடி. வானொலியில் ஓர் எண்ணை இருமுறை திருப்பிச் சொல்லச் செய்வது வீண் சடங்கு அன்று என்பது இதனால் விளங்கும்.

இதுகாறும் கூறியவை ஓடுபாதையின் அருகே நிகழ்பவை. அதற்கு முன்னரே மற்றுமோர் எல்லை உண்டு. மலைநாட்டின் மேலே, தான் இருக்கும் இடம் ஐயத்துக்கிடமின்றித் தெரியாத விமானம், அயலிலுள்ள மிக உயர்ந்த சிகரத்துக்கு 2000 அடி மேலாகவே பறக்கவேண்டும். சமநிலமாயின் 1000 அடி போதும். சிவனொளிபாதமலை 7359 அடி. ஆகவே நல்லதண்ணிக்கு மேலே அவ்வாறான விமானம் ஏறத்தாழ 9400 அடிக்குக் கீழே வரலாகாது. பீதுருதாலகாலை 8281 அடி; அதனை அண்டி 10,300 அடி. கடலோரமாக அமைந்த கட்டுநாயக்காவிலோ 2000 அடிக்கு இறங்குவதில் யாதொரு தீங்கும் இல்லை. ஒரே எண் ஓரிடத்தில் காப்பாகவும் மற்றோரிடத்தில் மரணமாகவும் அமைகிறது.

1974 டிசெம்பர் 4 ஆம் திகதி இரவு நிகழ்ந்தது இதுவே. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் புறப்பட்ட டிசி-8 விமானமொன்று, இடையில் கட்டுநாயக்காவில் இறங்க இருந்தது. அது ஒல்லாந்தின் மார்ட்டின் ஏர் நிறுவனத்துக்குரியது. பணியாளர் 9 பேர். கிழக்கிலிருந்து தீவைக் கடந்து வந்த விமானிகள், தாம் நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணினர். 2000 அடிக்கு இறங்க அனுமதியும் கிடைத்தது. உண்மையில் அவர்கள் நிலையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல்மைல் தொலைவில், எமது மலைகளுக்கு மேலே இருந்தனர். இரவு பத்து மணி கடந்த வேளையில், மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில், ஏறத்தாழ 4300 அடி உயரத்தில் விமானம் மோதியது. இருந்தவர் 191 பேரும் மாண்டனர். இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் இன்றுவரை இதுவே மிகப் பெரியது. நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருக்கும் விமான டயரைப் பலரும் கண்டிருப்பர்.

இயந்திரம் பழுதுறவில்லை. எரிபொருளும் தீரவில்லை. நிலையத்தைக் குறித்துத் தாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பிழையாக உணர்ந்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியமையே காரணம் என விசாரணையாளர் முடிபு செய்தனர். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியமையே அப்பிழைக்கு இடமளித்தது என்பது அவர் கருத்து. டொப்ளர் கருவி நிலத்தை நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பிவரும் அலையின் மாற்றத்தால் வேகத்தையும் விலகலையும் கணிப்பது. நெடுங்கடலைக் கடக்கையில் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். இடையிடையே வேறொன்றால் சரிபார்க்கவேண்டும். வானிலை ரேடார் மழைமுகிலைக் காட்டப் பிறந்தது. கரையோரத்தின் உருவத்தையும் மங்கலாகக் காட்டவல்லது. அதனைப் பார்த்துப் பொருள்கொள்வது மனிதரே. தாம் இருக்குமிடத்தை ஏலவே முடிவு செய்துவிட்ட கண்ணுக்கு, திரையிலுள்ள கோடுகளும் அம்முடிவுக்கு ஒத்தனவாகவே தோன்றும். எமது கருத்தில் அவ்விரவின் பாடம் முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இதற்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசெம்பர் 1 ஆம் திகதி, அமெரிக்கத் தலைநகரை அண்டிய டலஸ் விமான நிலையத்தை நோக்கி வந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் போயிங் 727 விமானம், உரிய இடத்தை அடையுமுன்னரே 1800 அடிக்கு இறங்கத் தொடங்கி, வேர்ஜீனியாவின் மலையொன்றில் மோதி 92 பேர் இறந்தனர். அங்கும் இறங்க அனுமதி கிடைத்தது. அனுமதி கிடைத்தமையால் வழியில் மலையில்லை என விமானிகள் கொண்டனர். நிலம் நெருங்குவதை உணர்ந்து ஓசையெழுப்பி எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களிற் கட்டாயமாக்கும் விதி அம்மாதமே அமெரிக்காவில் பிறப்பிக்கப்பட்டது. நாளடைவில் உலகெங்கும் அது பரவியது. இன்று அக்கருவி உலகின் மேடுபள்ளங்களை நினைவில் வைத்திருந்து, செய்மதியால் தன் இடத்தையும் அறிந்து, மலை வருமுன்னரே கூவி உரைக்கிறது. ஏழு கன்னியர் மலையின் உயரமும் அந்நினைவில் உண்டு.

நாலாண்டு கழியுமுன் மற்றுமொரு டிசி-8, மற்றும் இந்தோனேசிய யாத்திரிகர். 1978 நவெம்பர் 15 ஆம் திகதி இரவு, ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பியோரை ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்கு ஏற்றிச்சென்ற ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் விமானம், எரிபொருள் பெறக் கட்டுநாயக்காவில் இறங்க முற்பட்டது. இடிமுழக்கத்தோடு மழை. இம்முறை விமானிகள் இடத்தை அறிந்தே வந்தனர். ஆயினும் ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோட்டமொன்றில் விமானம் விழுந்தது. 262 பேரில் 183 பேர் மாண்டனர். 79 பேர் பிழைத்தனர். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதபோது, குறித்த ஆகக் குறைந்த உயரத்தில் இறக்கத்தைக் கைவிட்டு மேலெழாமையும், இறங்கும் வேகத்தைக் கருவிகள் கொண்டு சரிபாராமையும் காரணம் என்றது இலங்கை விசாரணை. ஐஸ்லாந்துத் தரப்பினர் இதனை ஏற்கவில்லை. நிலையத்துக் கருவியிலும் கட்டுப்பாட்டாளர் தந்த தகவலிலும் அவர் குறை கண்டனர். யாவர் பக்கம் நியாயம் மிகுதி என்பதைத் தீர்ப்பது எமது பணியன்று. ஒன்றை மட்டும் கூறலாம். கற்றை பொய்யுரைக்கலாம், காற்று கீழே அழுத்தலாம், நிலத்திலிருந்து வரும் சொல் தவறலாம் என்பதனாலேயே கண்ணாற் காணாமல் கடக்கலாகாத ஓர் உயரம் வகுக்கப்பட்டது.

அவ்வுயரத்தில் மேலெழுவது சொல்லும்போது எளிது. பன்னிரண்டு மணிநேரம் விழித்திருந்த விமானிக்கு, விளக்குகள் இதோ தெரியப்போகின்றன என்னும் எண்ணம் வலிது. கூட வந்தவர் எத்தகையோர் என்பதும் சேர்ந்துகொள்ளும். 2010 ஏப்ரல் 10 ஆம் திகதி போலந்தின் குடியரசுத் தலைவரை ஏற்றிச்சென்ற விமானம், ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் நகரில் கடும் மூடுபனியில் இறங்க முயன்று 96 பேரும் இறந்தனர். நிலத்தைக் காணாமலே எல்லைக்குக் கீழே இறங்கியதாக இரு நாட்டு விசாரணைகளும் கூறின. பனிக்குத் தலைவரும் தொண்டரும் ஒன்றே.

மலையிலுள்ளோர் பனி என்றும் கடலோரத்தார் பனி என்றும் சொல்பவை ஒன்றல்ல. நல்லதண்ணியில் நாம் காண்பது பெரும்பாலும் முகிலே. ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து முகிலாகிறது. அம்முகிலினுள் நாம் நிற்கிறோம். கட்டுநாயக்காவிலோ, தெளிந்த வானும் காற்றின்மையும் கூடிய இரவில் நிலம் வெப்பத்தை இழக்க, அதனைத் தொட்ட ஈரவளி குளிர்ந்து விடியலில் மூடுபனியாகிறது. வெயில் ஏறக் கலைகிறது. சென்னையில் மனிதரே இதனை ஆக்குவதும் உண்டு. 2018 ஆம் ஆண்டு போகியன்று கொளுத்திய பழம்பொருள்களின் புகை பனியோடு கலந்து ஓடுபாதையை மறைத்தமையால், பல விமானங்கள் தாமதமாயின. பல வேறு நகரங்களுக்குத் திருப்பப்பட்டன. பழையன கழிதல் நன்றே. கழிக்கும் முறைதான் சற்று ஆராயத்தக்கது.

விடியற்பனியால் கட்டுநாயக்காவில் இறங்காது, 2013 இல் திறக்கப்பட்ட மத்தளைக்கு விமானங்கள் திருப்பப்பட்டமை பன்முறை நிகழ்ந்ததே. திருவனந்தபுரமும் சென்னையும் அவ்வாறே உதவுகின்றன. புறப்படுமுன்னரே இம்மாற்றிடம் குறிக்கப்பட்டிருக்கும். செல்லுமிடம்வரை, அங்கிருந்து மாற்றிடம்வரை, அதற்கும் மேலாக அரைமணிநேரம் வட்டமிடுவதற்கு எனக் கணக்கிட்டே எரிபொருள் ஏற்றப்படும். எனவே விமானி திரும்பிச் செல்லும்போது, அவர் அக்கணத்திற் புதிதாக ஒன்றையும் எண்ணிக் கண்டுபிடிப்பதில்லை. வெளிச்சமான அறையில் ஆறுதலாக இருந்து செய்யப்பட்ட முடிவொன்றை நிறைவேற்றுகிறார்.

பயணிக்கு இது எவ்வாறு தோன்றும் என்பதையும் கூறிவிடுவோம். சக்கரங்கள் இறக்கப்பட்ட ஓசை கேட்டிருக்கும். சாளரத்தில் வெண்மை மட்டுமே இருக்கும். திடீரென இயந்திரங்கள் பேரொலி எழுப்ப, முதுகு இருக்கையில் அழுந்தும், மூக்கு மேனோக்கும், சக்கரங்கள் மீண்டும் உள்ளே இழுக்கப்படும். சில நிமிடங்களுக்கு எவரும் எதுவும் அறிவிக்கமாட்டார். விமானிகள் இருவருக்கும் அப்போது கைநிறைய வேலை. பின்னரே அறிவித்தல் வரும். மறுமுறை முயலலாம், அல்லது மத்தளைக்குச் செல்லலாம். மத்தளையிலிருந்து அட்டனுக்கு வீதிவழி நெடுந்தூரம். வழியிற் பசியாற நல்ல கடைகள் உண்டு.